அலுமினியப் பெட்டிக்கு மெருகு ஏற்றுவோம்

காரிமங்கலத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர், தாமே செய்த ஒலிபெருக்கியை என்னிடம் கொண்டு வந்து காட்டினார். பழைய இரும்புக் கடையில் வாங்கிய அலுமினியத் தகட்டை மடித்து, அதற்குப் பெட்டி செய்திருந்தார். தேய்த்துத் தேய்த்து அதைக் கண்ணாடிபோல் ஆக்கி, மேலே வார்னிஷும் பூசியிருந்தார். “பிரமாதம்!” என்றேன். ஆனால் ஓம் மீட்டரை வைத்துப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் மெருகு என்றால் என்ன என்று பார்ப்போம்.

அலுமினியம் நமக்கு அயலூர் உலோகமன்று. காரிமங்கலத்துக்குத் தெற்கே உள்ள ஏற்காட்டு மலைகளில் அதன் தாதுவாகிய பாக்சைட் கிடைக்கிறது. மேட்டூரில் 1965இல் தொடங்கிய ஆலை, 2008 வரை அதிலிருந்து அலுமினியம் உருக்கி எடுத்தது.

புதிதாக வெட்டிய அலுமினியம் காற்றுப் பட்ட உடனே ஆக்சிஜனோடு கூடி, மேலே ஓர் ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால், இத்தோலின் தடிமன் அதில் மூன்று நான்கு பங்குதான். இரும்பின் துரு உதிர்ந்துபோகும்; இத்தோலோ ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். வேடிக்கை என்னவென்றால், பழுப்பு நிற உப்புத்தாளில் பெரும்பாலும் ஒட்டியிருப்பதும் இதே அலுமினிய ஆக்சைடுதான்! மென்மையான அலுமினியத்தை அதன் ‘துரு’வைக் கொண்டே தேய்க்கிறோம்.

சரி, தேய்த்தால் கீறல்தானே விழும்? பளபளப்பு எப்படி வருகிறது? ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.0004 முதல் 0.0007 மி.மீ. வரை. பரப்பின் மேடுபள்ளங்கள் இதைவிடப் பெரியவையானால், ஒளி பல திசைகளில் சிதறும். பரப்பு மங்கலாகத் தெரியும். மிகச் சிறியவையானால், ஒளி ஒழுங்காகத் திரும்பும்; முகம் தெரியும். ஆக, மெருகு என்பது கீறல்களை ஒழிப்பதன்று. பெரிய கீறல்களை மேலும் மேலும் சிறிய கீறல்களாக்குவதே. காரிமங்கலத்துக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கியிலும் இதே விதிதான். மிக நுண்மையாக மெருகிட்ட கண்ணாடியின் மேல், மெல்லிய அலுமினியப் படலம் பூசி விண்மீன் ஒளியைத் திருப்புகிறார்கள்.

இனிச் செய்முறை. உள்ளிருக்கும் மின்சுற்று முழுவதையும் முதலில் கழற்றிவிடுங்கள். அலுமினியத் தூள் மின்சாரத்தைக் கடத்தும். சுற்றில் விழுந்தால் குறுக்கிணைப்பு ஏற்படும். உப்புத்தாளின் எண் கூடக்கூடத் துகள் சிறிதாகும். 120ஆம் எண்ணில் துகள் ஏறத்தாழ 0.12 மி.மீ.; 400இல் 0.035 மி.மீ. தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, 120, 240, 400, 600 என்ற வரிசையில் தேய்க்கவும். ஒவ்வொரு தாளுக்கும் திசையைச் செங்குத்தாக மாற்றுங்கள். முந்தைய கீறல்கள் அத்தனையும் மறைந்த பிறகே அடுத்த தாளை எடுக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு தாளைத் தாண்டினால், ஆழமான கீறல் கடைசி வரை கண்ணை உறுத்தும்.

400க்கு மேல், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்புத் தாளே நல்லது. நீர் தூளை அடித்துச் செல்லும்; தாள் அடைபடாது; தூள் மூக்கில் ஏறாது. இறுதியில் மென்மையான துணியில் உலோக மெருகுப் பசையைத் தொட்டுத் துடையுங்கள். சலவைச் சோடாவும் சுண்ணாம்பும் வேண்டாம். காரம் ஆக்சைடு தோலைக் கரைத்து உலோகத்தையே அரித்துவிடும். உலர்ந்த அலுமினியத் தூள் எளிதில் தீப்பற்றக் கூடியது; அடுப்பருகே இவ்வேலையைச் செய்யாதீர்கள்.

இப்போது அந்த மாணவரின் பெட்டிக்கு வருவோம். அவர் வார்னிஷ் பூசிய பிறகே, அதன்மேல் புவியிணைப்புக் கம்பியைத் திருகியிருந்தார். வார்னிஷ் மின்கடத்தாப் பொருள். மூன்று முள் செருகியின் புவி முள்ளுக்கும் பெட்டிக்கும் இடையே ஓம் மீட்டரை வைத்தேன். முள் அசையவே இல்லை! உள்ளே மின்னோட்டக் கம்பி ஒன்று அறுந்து பெட்டியில் பட்டிருந்தால், மின்சாரம் நிலத்துக்குப் போக வழியில்லை, உருகியும் எரிந்திருக்காது. பெட்டியைத் தொடுகிறவரின் உடலே வழியாகியிருக்கும்.

பரிகாரம் எளிது. திருகு அமரும் இடத்தை வெற்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, உடனே பல்வைத்த வாஷர் வைத்து இறுக்கினோம். வாஷரின் பற்கள் மெல்லிய ஆக்சைடு தோலைக் குத்திக் கிழித்து உலோகத்தைத் தொடும். மீட்டர் ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்டிய பிறகே கருவிக்கு மின்சாரம் கொடுத்தோம். பெட்டியின் மூடிக்கும் இதேபோல் தனிச் சோதனை தேவை.

நீங்கள் 9 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் கருவிகளிலிருந்தே தொடங்குங்கள். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் கருவியானால், தெரிந்த பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே சோதியுங்கள். பெட்டியின் வெளிப்புறம் எவ்வளவு பளபளத்தாலும் சரி. உள்ளே அந்தக் காசளவு வெற்றிடம் பளிச்சென்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.