மாரியிலும் காணியைப் பாரும்: இளம் பொறியியலாளருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

கொக்குவிலில் சொந்தமாகத் தொழில் தொடங்கிய கையோடு, கடனீரேரிப் பக்கம் ஒரு கலியாண மண்டபத்துக்குப் படம் கீறித் தரும்படி கேட்டு வந்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர். காணி வெறும் தரவை, ஆனால் பறவைகள் வந்துபோகும் இடம் என்று ஊரவர்கள் சொல்கிறார்கள், வேலையை எடுப்பதா விடுவதா என்றும் கேட்டிருந்தீர். இந்தக் கேள்வி உம்மைப் போன்ற பலருக்கும் வரப்போகிறது. அதனால் எல்லோரும் வாசிக்கும்படி பதில் எழுதுகிறேன்.

அந்தக் காணியை எந்த மாதத்தில் பார்த்தீர்? நம்மவர்கள் காணி பார்க்கப் போவது பெரும்பாலும் கோடையில்தான். ஆடி, ஆவணியில் தரவை வெடித்துக் கிடக்கும். ஓரத்தில் நாலு கண்டல் பற்றை நிற்கும். சும்மா கிடக்கிற நிலம் என்றுதான் எவருக்கும் தோன்றும். தை மாதத்தில் அங்கே போய்ப் பாரும். முழங்கால் நீரில் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் நிற்கும். சேற்றில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் இரை பொறுக்கும். அந்த உள்ளான்களிலும் உப்புக்கொத்திகளிலும் பல, துருவப் பக்கத்துத் தண்டராவில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலம் கழிக்க இங்கே வருபவை. சாம்பல் உப்புக்கொத்தியும் வளைமூக்கு உள்ளானும் நம் கடனீரேரியில் வழக்கமாகக் காணும் பறவைகள்தான். ஆனால் 2024 ஒக்டோபரில் இவை இரண்டையும் உலகளவில் அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவை என்று சர்வதேசச் சிவப்புப் பட்டியல் அறிவித்தது. நாம் சாதாரணமாகக் காணும் ஒன்று உலகத்தில் குறைந்துகொண்டு போகிறது என்றால், மிஞ்சியிருக்கும் இரைநிலத்தின் பொறுப்பு நம்மிடம் வந்துவிடுகிறது.

அந்த நீர் பறவைக்கு மட்டும் உரியதன்று. யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி தொடங்கி மார்கழிவரை பெய்யும் மழைதான் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. கொக்குவில் கிணற்றில் நீர் அள்ளும் வீட்டுக்காரரும் அந்த மழையை நம்பித்தான் வாழ்கிறார். குளம், வெள்ளவாய்க்கால், தாழ்ந்த வெளி என்று மழை தங்கும் இடங்களைக் கிரவல் போட்டு நிரப்பினால், நிலத்துக்குள் போகவேண்டிய நீர் தெருவிலும் அயல்வீட்டு முற்றத்திலும் நிற்கும்.

இதற்குச் சட்டம் இருக்கிறதே என்பீர். இருக்கிறது, அதன் அளவையும் தெரிந்துகொள்ளும். 1993ஆம் ஆண்டு வர்த்தமானிப் பட்டியலின்படி, நான்கு ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்பும் திட்டம் சுற்றாடல் அனுமதி நடைமுறைக்குள் வரும். நம் கணக்கில் அது ஏறத்தாழ 158 பரப்பு. மண்டபத்துக்கு இருபது பரப்புப் போதும், வீட்டுக்கு இரண்டு போதும். கரையோர வலயத்துக்கும் வயற்காணிக்கும் வனசீவராசிகள் ஒதுக்கங்களுக்கும் தனித்தனி அனுமதிகள் உண்டு. ஆனாலும் இன்று இருபது, நாளை இரண்டு, மறுநாள் ஐந்து என்று நிரப்பப்படுவதை ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பவர்கள் அரிது. நம் மண்ணில் வாழிடம் பரப்புப் பரப்பாகத்தான் போகிறது. அதை முதலில் காணக்கூடியவர், படம் கீறுமுன் காணிக்குள் இறங்கும் பொறியியலாளர்தான்.

பெரிய திட்டங்களிலும் இடத்தைப் பற்றிய கேள்வி பிந்தித்தான் வருகிறது. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். நம் பிள்ளைகளுக்கு நல்ல மைதானம் வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் கண்டலும் சேற்றுநிலமும் உள்ள அந்தத் தீவு ஏன், சுற்றாடல் தாக்க மதிப்பீடு எங்கே என்று சுற்றாடல் அமைப்புகள் கேட்டன. கேட்கவேண்டிய கேள்விதான். பாதிப்புக் குறைந்த மாற்று வழிகள் எவை, அவை ஏன் கைவிடப்பட்டன என்பதை மதிப்பீட்டு அறிக்கையில் சொல்லவேண்டும் என்கிறது நம் தேசிய சுற்றாடல் சட்டம். அடிக்கல் வைத்த பிறகு மாற்று இடம் தேடுபவர் யார்?

அழித்ததற்கு ஈடாக வேறிடத்தில் மரம் நட்டுத் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். உடனே தலையாட்ட வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர்வரை கண்டல் நட்டார்கள். பின்னர் ஆராய்ந்தபோது 200 முதல் 220 ஹெக்டேயர்தான் தேறியிருந்தது. பார்வையிட்ட 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. வெறும் சேற்றுவெளியில் கண்டல் நட்டால் உள்ளானின் இரைநிலமும் போய்விடும். தவிர்க்க முடிந்ததைத் தவிர்ப்பது முதல் வேலை. முடியாதபோது பாதிப்பைக் குறைப்பது அடுத்தது. ஈடுகட்டுவது கடைசி வழி.

போரில் வீடிழந்த சனம் இன்னும் வீடு கட்டி முடிக்கவில்லை, அதற்குள் பறவைக்கு இடம் கேட்கிறீர்களா என்று உம்மிடம் ஒருவர் கேட்பார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதற்கு மரியாதையோடு பதில் சொல்லும். வீடு வேண்டியவருக்கு மாரியில் வெள்ளம் ஏறாத வீடு வேண்டும். கொக்குவிலிலும் அயலிலும் உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருக்க, பூட்டியே கிடக்கும் வளவுகள் எத்தனை! பழைய வீட்டைத் திருத்தவும், மேலே மாடி எடுக்கவும், மேட்டுக்காணியில் நெருக்கமாகக் கட்டவும் வழி காட்டுவது பொறியியலாளரின் வேலைதான். கொழும்பைப் பாரும். வெள்ளத்தால் அடிபட்ட அந்த நகரம், எஞ்சிய ஈரநிலங்களை வெள்ளம் தாங்கும் இடங்களாகப் பேணத் தொடங்கியது. 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் பெற்றது. அருகிவரும் மீன்பிடிப் பூனை அங்கே மாடிக் கட்டடங்களுக்கு நடுவே வாழ்கிறது.

இனி உம்முடைய மண்டபத்துக்கு வருவோம். மாரி முடியும்வரை தவணை கேளும். மீன்பிடிப்பவரையும் மாடு மேய்ப்பவரையும் கூட்டிக்கொண்டு போய், 2008 நிஷா புயலிலும் 2020 புரெவியிலும் நீர் எதுவரை ஏறியது என்று கேட்டு முளை அடியும். அந்தக் கோட்டுக்கு மேலே காணி இருந்தால் மண்டபத்தை அங்கே வையும். கோட்டுக்குக் கீழே ஒரு லோட் கிரவலும் இறங்கக்கூடாது. நீர் ஓடும் பக்கத்தில் மதில் வேண்டாம், கம்பிவேலி போதும். வெளிவிளக்குகள் நிலத்தைப் பார்க்கட்டும், விழா முடிந்ததும் அணையட்டும். சுண்ணக்கல் கசியும் நிலம் இது, மலக்குழி நீர் அயல் கிணற்றுக்குப் போய்விடும். அதற்கு அடைத்த தொட்டியை வற்புறுத்தும்.

காணி முழுவதும் கோட்டுக்குக் கீழே கிடந்தால் வேலையை எடுக்க வேண்டாம். காரணத்தை எழுத்தில் கொடுத்து, வேறு காணி தேடவும் கூட நில்லும். வருமானம் போகும் என்பது எனக்குத் தெரியும். நீர் எடுக்காத வேலையை இன்னொருவர் எடுக்கக்கூடும் என்பதும் தெரியும். அதனால்தான் உமது வயதுப் பொறியியலாளர்கள் சேர்ந்து ஒரு வழக்கத்தை உண்டாக்க வேண்டும் என்கிறேன். உங்கள் ஒவ்வொரு படத்திலும் வெள்ளமட்டக் கோடு இருக்கட்டும். அந்தக் கோடு இல்லாத படத்தில் எவரும் கையொப்பம் வைக்க வேண்டாம்.

அன்புடன்,
உம்முடைய தொழிலில் மூத்தவன்