புதுக்கோட்டை வெயிலில் ஒரு கான்டெஸா

இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கான்டெஸாவைக் கொண்டுவந்தபோது உள்ளே இருந்தது அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின். அவ்வளவு பெரிய வண்டியை இழுக்க அது திணறியது. சில ஆண்டுகளில் ஜப்பானின் இஸூஸு வடிவமைத்த 1817 சிசி பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியரும் வந்தன. 80-க்கு மேற்பட்ட குதிரைத்திறன் அன்றைய இந்தியச் சாலைகளில் பெரிய விஷயம். 2002-ல் உற்பத்தி நின்றுவிட்டது.

அந்த 1.8 வண்டி ஒன்றைப் புதுக்கோட்டையில் வைத்து ஓட்டிவருகிறேன். இந்த எஞ்சின் வேகத்துக்கு அஞ்சுவதில்லை. நம் மாவட்டத்து உப்புத் தண்ணீரும், செம்மண் தூசியும், மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வழக்கமும்தான் அதை அரிக்கின்றன. வாங்கும்போதும் வைத்துக்கொள்ளும்போதும் இந்த மூன்றின் மேல் கண் இருக்க வேண்டும்.

முதலில் ஆர்.சி. புத்தகம்

பெட்ரோல் செலவுக்குப் பயந்து பல கான்டெஸாக்களில் அசல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். அதனால் பானட்டைத் திறந்ததும் பிளாக்கில் பொறித்த எண்ணைத் துடைத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எரிபொருள் எது என்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி எஞ்சின் மாற்றம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த சொந்தக் காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது இந்தச் சிக்கல் வெளியே வரும். 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதி 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு மட்டுமே; முதல் கான்டெஸாவுக்கே அந்தத் தகுதி 2034-ல்தான் வரும்.

ஆறிய எஞ்சினைப் பாருங்கள்

"நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிடாதீங்கண்ணே" என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் துருத்தண்ணீரா, எண்ணெய் மிதக்கிறதா என்று தெரியும். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். ஸ்டார்ட் ஆன சில நொடிகள் மட்டும் நீலப் புகை வந்தால் பெரும்பாலும் வால்வு சீல். இழுக்கும்போதும் தொடர்ந்து தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கும்.

விலை பேசுமுன் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடான பிறகு, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து அளக்க வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் அளவு ஏறுகிறதா? ரிங் அல்லது போர். ஏறவில்லையென்றால் வால்வு. ரீபோர் என்றால் எஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டும். வால்வு வேலை ஹெட்டோடு முடியும். பேரம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

கடியாபட்டி, ராயவரம், கோனாப்பட்டு போன்ற செட்டிநாட்டு ஊர்களில் வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்க, வண்டி ஷெட்டிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்கும். அப்படிப்பட்ட வண்டிக்குப் புது பேட்டரி போட்டுச் சாவியைத் திருப்பவே கூடாது. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஓரிரு நாள் ஊறவிடுங்கள். பிறகு ஸ்பேனர் போட்டுக் கையால் கிராங்கைச் சுற்றுங்கள். சுற்றவில்லையென்றால் பலம் காட்டாதீர்கள், பிரிப்பதுதான் வழி.

தண்ணீர், தூசி, பெட்ரோல்

போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உப்பு படிந்து குழாய்கள் அடைபடும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் கடல்காற்று வெளியிலிருந்தும் உலோகத்தை அரிக்கும். டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். சூடு எல்லை மீறினால் ஹெட் வளையும். ஃபேஸிங் செய்ய லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பக்கத்து வழக்கம். அதனால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் குடிக்கும், ஆயிலும் கெடும். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஃபேன் மூன்றையும் சரிசெய்தால் வெயில் காலத்திலும் முள் நடுவிலேயே நிற்கும்.

குவாரிச் சாலைகளில் ஓட்டுபவர்கள் கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரும்வரை ஏர் ஃபில்டரை விட்டுவைக்க வேண்டாம். வடிகட்டாமல் உள்ளே போகும் தூசி போரைத் தேய்க்கும். ஆயில் 20டபிள்யூ-50, கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ஆறு மாதத்தில் மாற்றிவிடுங்கள்.

இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ்களையும் கார்பரேட்டர் டயாஃப்ரத்தையும் அது கெடுக்கும். இரண்டையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். புதிய கார்களைப்போல் கார்பரேட்டர் தானாகக் கலவையைச் சரிசெய்துகொள்ளாது. கலவை மெலிந்தால் எஞ்சின் கூடுதலாகச் சூடாகும். பிளக் வெளுத்திருந்தால் ஜெட்டை ஒரு அளவு கூட்டச் சொல்லுங்கள்.

ஓட்டுவதும் பராமரிப்புதான்

ஷெட்டில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது உதவாது. ஆயில் சூடாகாததால் உள்ளே சேரும் ஈரம் வெளியேறாமல் தங்கிவிடும். வாரம் ஒருமுறை திருமயம்வரை போய்வாருங்கள்.

உதிரிபாகக் கடையில் கான்டெஸா என்று கேட்டு இல்லையென்றால் அம்பாசிடர் 1800 ஐ.எஸ்.இசட். என்று கேளுங்கள், அதிலும் இதே குடும்பத்து இஸூஸு எஞ்சின்தான். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். இந்த எஞ்சினைக் காதால் கேட்டே குறை சொல்லும் மூத்த மெக்கானிக்குகள் குறைந்துவருகிறார்கள். அடுத்த முறை ஹெட்டை இறக்கும்போது பட்டறையில் வேலை பழகும் தம்பிகளில் ஒருவரைப் பக்கத்தில் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். பாகம் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். அந்தக் கைப்பழக்கம் போனால் திரும்பக் கிடைக்காது.