முதியோர் இல்லமும் வையாவிருத்தியமும்



சென்ற தலைமுறையில் நம் சமண இல்லங்களில் முதியோர் இல்லம் என்னும் பேச்சே எழுந்ததில்லை. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில், ஜினாலயத்தை ஒட்டிய வீதியிலே, மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். இன்று நிலம் குத்தகைக்குப் போயிற்று. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்கின்றனர். கணவன் மனைவி இருவருமே பணிக்குச் செல்கின்றனர். பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்த தாயை இரவும் பகலும் பார்க்க ஆளில்லை. இந்நிலையில் முதியோர் இல்லத்தை நாடுவோரைப் பழிப்பது நம் நோக்கமன்று. நாடுங்கால் எதைப் பார்த்துத் தேர்வது, சேர்த்த பின்னர் அங்கு நடைபெறும் பராமரிப்பின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது என்பதையே இப்பாடத்தில் ஆராய்வோம்.

அகத்தவம் ஆறனுள் ஒன்று வையாவிருத்தியம். தத்துவார்த்த சூத்திரம் இத்தொண்டிற்கு உரியவராகப் பதின்மரைக் குறிக்கின்றது. அவருள் நோயுற்றவரும் ஒருவர். ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை இல்லறத்தார்க்குரிய சிட்சா விரதம் நான்கனுள் ஒன்றாகவே வைத்தார். நூல்கள் முதன்மையாகச் சுட்டுவது துறவியர்க்குச் செய்யும் தொண்டையே எனினும், காலைப் பிடித்துவிடக் கற்ற கை தன் தாயின் காலை மறப்பது முறையாகுமா?

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவதாகிய உவர்ப்பின்மைக்கு எடுத்துக்காட்டாக உத்தாயண மன்னன் வரலாற்றைச் சிறுவயதில் கேட்டிருப்போம். அம்மன்னனைச் சோதிக்க வந்த தேவன் நோயுற்ற முனிவர் வடிவில் ஆகாரம் ஏற்று, உண்டதையெல்லாம் கக்கினான். நாற்றம் பொறாது ஏவலர் ஓடினர். மன்னனோ, தான் அளித்த உணவில் என்ன குற்றம் நேர்ந்ததோ என்று வருந்தி, தன் கையாலேயே அவர் மேனியைக் கழுவினான். அருவருப்பின்மையை மட்டும் நாம் இக்கதையில் பார்க்கிறோம். முனிவர் உண்டது தங்கவில்லை என்றதும், 'ஏன்?' என்னும் வினாவை மன்னன் தன்னிடமே முதலில் கேட்டுக்கொண்டான், அதுவும் கருதத்தக்கது. பராமரிப்பின் தரம் பெரும்பாலும் அந்த ஒரு வினாவில்தான் அடங்கியுள்ளது. அது கேட்கப்படாத இடத்தில் என்ன நேரும் என்பதை நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் கண்டோம்.

அவ்வம்மையார்க்கு எண்பத்தொரு வயது. பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சும் போயிற்று. பிள்ளைகள் மூவரும் கூடிப் பேசி, நகர்ப்புறத்தே ஓர் இல்லத்தில் சேர்த்தனர். பளிங்குத் தரை, மின்தூக்கி, பூந்தோட்டம், வரவேற்பறையில் தொலைக்காட்சி எல்லாம் இருந்தன. ஞாயிறுதோறும் காலை பதினொரு மணிக்குச் சென்று பார்ப்பர். அம்மையார் குளித்து, பவுடர் பூசி, நாற்காலியில் அமர்ந்திருப்பார். அனைவரும் மனநிறைவோடு திரும்புவர். இரண்டு மாதம் சென்றபின், மகள் ஒரு நாள் முன்னறிவிப்பின்றி மாலையில் சென்றாள். ஆயாவுக்குத் துணையாகப் புடவை மாற்றும்போது, இடுப்பின் பின்புறம் உள்ளங்கையளவு புண் இருக்கக் கண்டாள். சேர்க்கும்போது 52 கிலோவாக இருந்த எடை 47 ஆகக் குறைந்திருந்தது. பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். இரவுதோறும் ஒரே வரி எழுதப்பட்டிருந்தது: "உணவு உண்ண மறுத்தார்." அங்கு இரவு உணவு வரும் நேரம் ஏழரை மணி. சிறுமியாய் இருந்த நாள் முதல் இரவுண்ணா நோன்பு காத்தவர் அவ்வம்மையார். வாய் திறந்து சொல்ல இயலாமையால் வாயை மூடிக்கொண்டார். அறுபது இரவுகள் எழுதினர். ஒருவரேனும் ஏன் என்று கேட்டாரில்லை. மகள் வினவியபோது, "உங்கள் மதத்தில் இப்படிப் பட்டினி கிடப்பது வழக்கந்தானே" என்று விடை வந்தது.

இவ்விடையை நாம் எளிதில் விட்டுவிடலாகாது. சல்லேகனை என்பது மரணம் அணித்தென உணர்ந்தவர், தெளிந்த அறிவோடு, குருவின் இசைவு பெற்று, படிப்படியாக ஏற்கும் விரதம். 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் இதனைத் தற்கொலையெனக் கூறியதும், அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்ததும் நினைவிருக்கும். அத்தகைய விரதத்தின் பெயரைப் பிறருடைய கவனக்குறைவுக்குப் போர்வையாக்குவது விரதத்துக்கும் இழுக்கு, அம்மையார்க்கும் கொடுமை. அவர் உணவைத் துறக்கவில்லை. உரிய நேரத்தில் உணவு வரவில்லை.

மருத்துவப் பராமரிப்பின் தரத்தை எங்ஙனம் அளப்பது என்பதை அவேதிஸ் டொனபேதியன் என்னும் அறிஞர் 1966-இல் வெளியிட்ட கட்டுரையில் மூன்றாகப் பகுத்தார்: அமைப்பு, செயல்முறை, விளைவு. கட்டடம், கட்டில், பணியாளர் எண்ணிக்கை முதலியன அமைப்பு. நாள்தோறும் செய்யப்படுவது செயல்முறை. முதியவர் உடலிலும் உள்ளத்திலும் காண்பது விளைவு. நம்மவர் பெரும்பாலும் அமைப்பை மட்டும் பார்த்து முன்பணம் கட்டிவிடுகின்றனர். மேற்கண்ட குடும்பமும் அங்ஙனமே செய்தது.

விளைவைத் தோலிலிருந்து தொடங்கலாம். தாமே புரண்டு படுக்க இயலாதவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தல் நெடுநாளைய வழக்கம். அது தவறினால் குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் அழுத்தத்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப் புண் தோன்றும். தொடக்கத்தில் அவ்விடம் சிவந்து, விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காது. ஆனால் மாநிறத்தார்க்கும் கருநிறத்தார்க்கும் சிவப்பு எளிதில் புலப்படாது. ஆதலின் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றுப்புறத்தைவிட வெம்மையாகவோ கெட்டியாகவோ, நிறம் கருத்தோ இருப்பின் அதுவே எச்சரிக்கை. உண்ணாதவர்க்குப் புரதம் குறைந்து புண் ஆறவும் மறுக்கும். அம்மையார் புண்ணுக்கும் ஏழரை மணிச் சோற்றுக்கும் இருந்த உறவை மருத்துவர் சொன்ன பின்னரே குடும்பத்தார் உணர்ந்தனர்.

அடுத்தது எடை. மாதந்தோறும் எடை பார்த்து எழுதுகின்றனரா என்று கேளுங்கள். ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கோ, ஆறு மாதத்தில் பத்துப் பங்கோ குறைந்தால் மருத்துவரிடம் காரணம் ஆராயவேண்டும். உதடு வறண்டு, சிறுநீர் அடர்ந்த நிறமாய் இருப்பின் தண்ணீர் போதவில்லை என்று கருதலாம். இரவில் நீரும் அருந்தாதவர்க்குப் பகலில் அளந்து கொடுக்கவேண்டும். காய்ச்சி வடிகட்டிய நீர் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதா என்றும் நோக்குக.

நாற்காலியோடு துணியால் கட்டி வைத்திருப்பதையும், நடுப்பகலில் எல்லாரும் உறங்கிக் கிடப்பதையும் கண்டால் ஐயுறுக. பின்னதற்குத் தூக்க மாத்திரை காரணமாயிருக்கலாம். அமெரிக்க நாட்டில் 1987-இல் இயற்றப்பட்ட சட்டம், பணியாளர் வசதிக்காக முதியவரைக் கட்டுவதையும் மருந்தால் மயக்குவதையும் விலக்கிற்று. மூத்திர நாற்றம் ஓர் அறையில் ஒரு வேளை இருப்பது குற்றமன்று. இல்லம் முழுதும் எப்போதும் இருப்பதே குற்றம். ஊதுவத்தியும் பினாயிலும் மட்டும் மணக்கும் இல்லத்திலும் சற்று நின்று பார்ப்பது நன்று.

செயல்முறையை அறிய, இரவு இரண்டு மணிக்கு அத்தளத்தில் எத்தனை பேர் விழித்திருப்பர் என்று கேளுங்கள். மேலாளரை விடுத்து ஆயாவிடம் கேட்டால் உண்மை வரும். ஓராண்டுக்கு மேல் பணியிலிருப்போர் எத்தனை பேர் என்பதும் பல செய்திகளைச் சொல்லும். ஆள் அடிக்கடி மாறும் இடத்தில் யாருக்கு எந்த நோன்பு என்பது எவருக்கும் தெரியாது.

நம்மவர்க்கே உரிய செய்தி ஒன்றை விரிவாகச் சொல்லவேண்டும். சென்னையில் நவம்பர் இறுதியில் கதிரவன் ஏறத்தாழ 5.40 மணிக்கு மறைகிறான். ஜூலைத் தொடக்கத்தில் 6.40 ஆகிறது. ஆகவே 'மாலை உணவு' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. ஆண்டு முழுதும் ஐந்தேகாலுக்குக் கொடுங்கள் என்று மணி குறித்து எழுதித் தரவேண்டும். சர்க்கரை நோயுடையவர்க்கு இது உயிர்ப் பிரச்சினை. உணவு இரவில் வருமென எண்ணி எழுதப்பட்ட இன்சுலினை அதே அளவில் போட்டுவிட்டு, அவர் உண்ணாதிருந்தால், நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் நினைவிழப்பும் நேரும். நோன்பைச் சேர்க்கும் முன்பே மருத்துவரிடம் கூறி, மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றி எழுதி வாங்குவது பிள்ளைகள் கடமை. சர்க்கரை தாழ்ந்தால் இரவிலும் குளுக்கோஸ் கொடுக்கலாமா என்பதை அம்முதியவரிடமே, அவர் தெளிவாயிருக்கும்போதே, கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். அம்முடிவை இருபது வயதுச் செவிலியர் தலையில் இரவு இரண்டு மணிக்குச் சுமத்துவது நியாயமன்று. கிழங்கு, வெங்காயம், பூண்டு, தேன் ஆகியவற்றை விலக்கியவராயின் அதனையும், ஜெலட்டின் உறையிட்ட மாத்திரைகளுக்கு மாற்று உண்டா என்பதையும் அதே தாளில் எழுதி, கட்டிலின் தலைமாட்டில் ஒட்டலாம். பேச முடியாதவர்க்கு அத்தாள்தான் வாய்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. இல்லத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டுமாறு கேட்கக் கூச்சம் வேண்டா. முறைகேடு கண்டால் 14567 என்னும் முதியோர் உதவி எண்ணில் தெரிவிக்கலாம்.

அவ்வம்மையாரைப் பின்னர் வேறோர் இல்லத்திற்கு மாற்றினர். அங்கே பளிங்குத் தரையில்லை, சிமெண்டுத் தரைதான். சமையற்கார அம்மாள் முதல் நாளே, "பாட்டி எத்தனை மணிக்குச் சாப்பிடுவாங்க?" என்று கேட்டாராம். புண் ஆற நான்கு மாதம் பிடித்தது. மகள் இப்போது ஞாயிற்றுக்கிழமையோடு, வாரநாளில் ஒரு மாலையும் ஐந்து மணிக்குச் செல்கின்றாள். தாய்க்குத் தன் கையால் ஊட்டிவிட்டு, விளக்கேற்றும் நேரத்தில் பஞ்ச நமஸ்காரத்தைக் காதருகே சொல்லிவிட்டுத் திரும்புகின்றாள்.