இருமலும் இல்ல மருந்தும்

பாலாற்றங்கரையிலுள்ள மாதனூரில் மார்கழிப் பனியில் குழந்தை இருமினால், தாய்மார் முதலில் நாடுவது அடுக்களையையே. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகக் கஷாயமும், தூதுவளை இரசமும், கற்பூரவள்ளிச் சாறும் அங்கு மருந்தாகின்றன. சீன நாட்டுத் தாய்மாரோ பேரிக்காயைக் கற்கண்டுடன் வேகவைத்து ஊட்டுவர். நாடு வேறாயினும் நோக்கம் ஒன்றே. இளஞ்சூடான உணவு தொண்டையின் உறுத்தலைத் தணிக்கும்.

ஆயினும், இம்மருந்துகளுக்கும் எல்லை உண்டு. ஓராண்டு நிறைந்த குழந்தையின் இருமலைத் தேன் தணிக்கும். அதனினும் இளைய குழந்தைக்கோ, தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் குடலில் முளைத்து நஞ்சை விளைவித்தல் கூடும். ஆதலின், அதற்குத் தேன் தரலாகாது.

ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, அமைதியாக இருக்கையிலும் நிமிடத்திற்கு 40 முறையோ அதற்கு மேலோ மூச்சுவிடின், அது நுரையீரல் அழற்சியின் அறிகுறியாகலாம். அப்பொழுது கஷாயம் காய்ச்சிக் காலங்கழித்தல் தகாது. மருத்துவரிடம் விரைதலே பெற்றோர் கடனாகும்.