ஹெட்போன் வாங்கும்போது வியாபாரி கவனிக்க வேண்டியவை

சென்ற ஆண்டு ஒரு நாள் காலையில் வெளியூர்ப் பார்ட்டி ஒருவர் போனில் ஆர்டர் சொன்னார். 'பாசிப்பயறு 10 மூட்டை' என்பது அவர் சொன்னது. என் காதில் விழுந்தது 'பாசிப்பருப்பு'. அப்படியே சீட்டு எழுதி லாரி ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன். சரக்கு போய் இறங்கிய பிறகு போன் வந்தது. போன வாடகை, திரும்பிய வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் என் தலையில். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். 'அண்ணாச்சிக்குக் காது போச்சு' என்று அந்தக் கடையில் சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டபோதுதான் மனம் சங்கடப்பட்டது.

அன்று நான் மாட்டியிருந்தது ரூ.1,500 கொடுத்து வாங்கிய பெரிய ஹெட்போன். பெட்டியின்மேல் 'எக்ஸ்ட்ரா பாஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதில் பழைய பாட்டுக் கேட்டால் தபேலா நெஞ்சில் வந்து அடிக்கும். ஆனால் போனில் பேசுகிறவர் குரலோ, அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருக்கும். குரல் தெளிவில்லை என்று தெரிந்தும் நான் செய்தது என்னவென்றால், சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்ததுதான்.

நம் கடைகளில் இன்று ஆர்டர், விலை விசாரிப்பு, வசூல் எல்லாம் போனிலும் வாட்ஸ்அப் குரல் பதிவிலும்தான் நடக்கின்றன. ஒரு கையில் பேனாவும் ஒரு கையில் சாம்பிளும் இருக்கையில் போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்? ஆகவே ஹெட்போனும் தராசைப்போல் ஒரு தொழில் கருவி ஆகிவிட்டது. ரூ.500 முதல் ரூ.2,000க்குள் நமக்குப் போதுமான சரக்கு கிடைக்கும். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

பெட்டியில் உள்ள எண்கள்

பருப்பு வாங்கும்போது சாக்கின்மேல் அச்சடித்த படத்தைப் பார்த்தா வாங்குகிறோம்? குத்தூசி போட்டு, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, ஒன்றைக் கடித்துப் பார்த்துத்தானே விலை பேசுகிறோம். ஹெட்போன் கடைக்குப் போனால் மட்டும் பெட்டியைப் படித்துவிட்டுப் பணத்தை எடுத்துவிடுகிறோம்.

பெட்டியில் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று இருக்கும். நல்ல காதுள்ள இளைஞன் கேட்கக்கூடிய எல்லை அது. ரூ.200 சரக்கிலும் அதைத்தான் அச்சடித்திருக்கிறார்கள், ரூ.20,000 சரக்கிலும் அதைத்தான் அச்சடித்திருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் எந்த ஓசை தூக்கலாக வருகிறது, எது அமுங்கிப் போகிறது என்பதுதான் தரம். அதைப் பெட்டி சொல்லாது. '40 மி.மீ. டிரைவர்' என்பதும் அப்படியே. அது உள்ளே அதிர்கின்ற தகட்டின் குறுக்களவு. பெரிய வாணலியில் செய்த பலகாரம் எல்லாம் ருசியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு. வயர் உள்ள வகையில் 'ஓம்ஸ்' என்று மின்தடை அளவு போட்டிருக்கும். 16 அல்லது 32 ஓம்ஸ் என்றால் சாதாரண செல்போனே நன்றாக இயக்கும். 250, 300 ஓம்ஸ் உள்ளவை தனியாக ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கு உரியவை. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று வாங்கினால் செல்போனில் கிணற்றுக் குரல்தான் கேட்கும்.

பாட்டு வேறு, பேச்சு வேறு

மனிதர் பேச்சில் அ, ஆ, உ போன்ற உயிரோசைகள் தாழ்ந்த சுருதியில் பலமாக வரும். க, ச, த, ப, ஸ போன்றவற்றின் வெடிப்பும் உரசலும் உயர்ந்த சுருதியில் மெல்லியதாக வரும். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவதில் இந்த மெல்லிய ஓசைகளுக்கே பங்கு அதிகம். பழைய டெலிபோன் லைனில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே போகும்; அதற்குள்தான் நம் முன்னோர்கள் பம்பாய் மார்க்கெட் விலை கேட்டுச் சரக்குப் பிடித்தார்கள். இன்றைய 4ஜி அழைப்பில் அதைவிட அதிகமாகவே வருகிறது. ஆனால் 'எக்ஸ்ட்ரா பாஸ்' ஹெட்போன் தாழ்ந்த ஓசையைத் தூக்கிக் கொடுத்து, மேலே உள்ள மெல்லிய ஓசையை மூடிவிடுகிறது. பயறு பருப்பானது இப்படித்தான்.

புளூடூத் வகையில் இன்னொரு விஷயம். பாட்டுக் கேட்கும்போது இனிமையாக இருக்கும் அதே ஹெட்போன், அழைப்பு வந்து மைக் இயங்க ஆரம்பித்ததும் தரம் இறங்கிவிடும். அதன் வழி அவ்வளவுதான். போகிற ஓசைக்கும் வருகிற ஓசைக்கும் அந்தக் குறுகிய பாதையில் இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. எனவே கடைக்காரர் பாட்டுப் போட்டுக் காட்டினால் அதில் மயங்க வேண்டாம். உங்கள் சொந்தப் போனை எடுத்துப் போய் அதில் மாட்டி, உங்கள் கடைக்கே போன் செய்து, நேற்றைய விலைப்பட்டியலைப் படிக்கச் சொல்லுங்கள். சத்தத்தைப் பாதியில் வைத்துக் கேளுங்கள். 'ஐம்பது', 'எண்பது', 'மல்லி', 'வெல்லம்' எல்லாம் தயங்காமல் பிரிந்து கேட்டால் அது நல்ல சரக்கு. உங்கள் குரல் அங்கே எப்படிக் கேட்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மைக் வாய்க்கு அருகில் வரும்படி சிறு கம்பியோடு உள்ளவற்றில், கடைச் சந்தடி குறைவாகவும் குரல் அதிகமாகவும் போகும்.

காதுக்குச் சுகம்

1910ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் நல்ல ஹெட்போன் ஒன்றைச் செய்து கடற்படைக்கு அனுப்பினார். சோதித்துப் பார்த்த கடற்படை ஆர்டர் கொடுத்தது. அவரோ ஒரு தடவைக்குப் பத்துத்தான் தர முடியும் என்றார். வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்துகொண்டிருந்தார். மாட்டிக்கொள்ள இன்னும் வசதியாக வேண்டும் என்ற குறை அப்போதே எழுந்து, தோல் சுற்றிய இரண்டு கம்பிகளால் தலைப்பட்டையைத் திருத்திக் கொடுத்தாராம். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் குறை தீரவில்லை.

காரணம், கடையில் இரண்டு நிமிஷம் மாட்டிப் பார்க்கையில் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். அரை மணி கழித்துத்தான் வலி தெரியும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு மாட்டிப் பார்க்க வேண்டும். மெத்தை கண்ணாடிக் காம்பை மண்டையோடு சேர்த்து அழுத்தும். காதுமடல் மேலேயே உட்காரும் வகை இந்த விஷயத்தில் மோசம். காதைச் சுற்றி மூடும் பெரிய வகை அழுத்தாது. ஆனால் நம் ஊர் வெயிலில், மின்விசிறிக்குக் கீழேகூட, ஒரு மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டும். அதன் ரெக்சின் மெத்தையும் வேர்வை பட்டுப் பட்டுக் கறுப்புச் செதிலாக உதிரும். துணி அல்லது பஞ்சு உறை போட்டதே நமக்கு ஏற்றது.

காதுக்குள் செருகும் ரப்பர் மொட்டு வகை விலை மலிவு, எடை குறைவு. 'சத்தமே சப்பென்று இருக்கிறது' என்று சொல்லி இதைத் தூக்கிப் போடுகிறவர்கள் பலர். பெரும்பாலும் குற்றம் ஹெட்போனில் இல்லை. பெட்டிக்குள் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவு மொட்டுகள் இருக்கும். அவற்றைப் பிரிக்காமலே விட்டுவிடுகிறோம். மொட்டு காதுத்துளையைச் சரியாக அடைக்காவிட்டால் கீழ் ஓசை முழுவதும் கசிந்து போய்விடும். சிலருக்கு வலக்காதுக்கு ஓர் அளவு, இடக்காதுக்கு ஓர் அளவு தேவைப்படும். மாட்டிக்கொண்டு வாயை அசைத்துப் பேசிப் பாருங்கள். நழுவினால் அடுத்த அளவைப் போடுங்கள். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு பேசினால் நம் குரலே நம் தலைக்குள் முழங்கும். கல்லாவில் இருப்பவர்கள் ஒரு காதில் மட்டும் மாட்டுவது நல்லது. எதிரே நிற்கும் வாடிக்கையாளர் சொல்வதும் கேட்க வேண்டுமே! இந்த மொட்டு வகையை முதலாளியும் கடைப் பையனும் மாற்றி மாற்றிப் போடுவது வேண்டாம். காது அழுக்கும் சீழும் பரவும்.

வயரா, வயர் இல்லாததா என்று கேட்டால், உட்கார்ந்தே வியாபாரம் பார்ப்பவருக்கு வயர் போதும். பிளக்கில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் மைக் உண்டு, இரண்டுதான் என்றால் கேட்க மட்டும். இப்போது பல போன்களில் அந்த வட்டத் துளையே கிடையாது. டைப்-சி பார்த்து வாங்க வேண்டும். குடோனுக்கும் கடைக்கும் நடப்பவர்களுக்குக் கழுத்தில் கிடக்கும் புளூடூத் பட்டை வசதி. தனித்தனியாகக் காதில் செருகும் சின்ன வகை, சாக்கு அடுக்கும் இடத்தில் விழுந்தால் தேடிக் கிடைக்காது. அதன் பாட்டரியையும் மாற்ற முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போலிச் சரக்கைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, மாதம், வருஷம், புகார் போன் எண் ஆகியவை நாம் விற்கும் பொட்டலத்துக்குக் கட்டாயம் என்றால் ஹெட்போன் பெட்டிக்கும் கட்டாயம்தான். பில் வாங்காமல் வாங்கினால் வாரண்டியும் கிடையாது.

சத்தத்தைக் கூட்டுவது

பருப்புச் சம்பவத்துக்குப் பிறகு காது டாக்டரிடம் போனேன். ஓசை புகாத அறையில் உட்கார வைத்து, ஒவ்வொரு சுருதியாக ஒலி கொடுத்து, கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். படத்தில் இடப்பக்கம் சமமாக வந்த கோடு, வலப்பக்கம் போகப் போகச் சரிந்திருந்தது. தாழ்ந்த சுருதி கேட்கிறது, உயர்ந்த சுருதி குறைந்துவிட்டது. 'வயது ஒன்று, மில் சத்தம் ஒன்று, இதற்குமேல் நீங்களாக ஏன் சேர்க்கிறீர்கள்?' என்று கேட்டார். உட்செவியில் உள்ள நுண்ணிய உணர்வு மயிர்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை என்பதையும் சொன்னார்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019இல் ஒரு கணக்குக் கொடுத்தன. பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 10 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு. ஆகவே 90 டெசிபல் என்றால் அதே வாரத்துக்கு 4 மணி நேரம்தான். கந்துவட்டியைவிட வேகமாக ஏறும் கணக்கு இது. போனில் சத்தக் கோட்டை 60 சதவீதத்துக்குமேல் தள்ளாமல் இருப்பது கைக்கு எளிய அளவு. தெருச் சத்தத்தை அமுக்குவதற்காகத்தான் நாம் அதைத் தள்ளுகிறோம். அப்படிப்பட்ட இடத்தில் காதை நன்றாக அடைக்கும் மொட்டு வகையை ஒரு காதில் போட்டால், குறைந்த சத்தமே போதும்.

இப்போது நான் வைத்திருப்பது ஒரு காதுக்கு மட்டும் வரும், வாயருகே மைக் நீண்ட வயர் செட். டெலிபோனில் வேலை செய்கிற பிள்ளைகள் மாட்டியிருப்பார்களே, அதே மாதிரி. ரூ.900 ஆயிற்று. பாட்டுக்கு லாயக்கில்லை. பஞ்சு உறை மட்டும் நைந்துபோகிறது. அதைத் தனியாக விற்கிறார்கள், பத்து உறையாக வாங்கி மேஜை டிராயரில் போட்டிருக்கிறேன். பெரிய ஹெட்போனைப் பேரனிடம் கொடுத்தேன். அவனுக்கும் சத்தக் கோடு எங்கே நிற்கிறது என்று இரவில் போய் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.