பனியன் ஊர்ப் பிள்ளைகளுக்கு இயற்கைப் பாடம்

திருப்பூரில் இதற்கெல்லாம் தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம். பாதிப் பொருள் கட்டிங் வேஸ்ட் மூட்டையிலேயே கிடைக்கும்.

1. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் உப்பும் சில சொட்டு மையும் கலக்குங்கள். அடி வெட்டிய பாட்டிலைக் கவிழ்த்து, வாயில் பனியன் துணியைக் கட்டி, கழுவிய அடுப்புக்கரித் தூளையும் மணலையும் அடுக்கி, அதில் ஊற்றச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை வடித்தால் நிறம் வெளுக்கும். வடிந்ததை எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். காய்ந்ததும் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். வாயில் மட்டும் வைக்க விடாதீர்கள். சாயப்பட்டறைகளில் பஞ்சில் சாயம் பிடிக்க உப்பு போடுகிறார்கள். நொய்யல் ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கிணறுகளையும் காடுகளையும் கெடுத்தது சாயத்தோடு போன அந்த உப்புதான். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலைக்கு வராத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது ஏன் என்று இப்போது பிள்ளைகளே கேட்பார்கள்.

2. அதே உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் மிச்சம் வைத்து ஒரு பனியன் துண்டை நனையுங்கள். இன்னொன்றை நல்ல தண்ணீரில். இரண்டிலும் பாசிப்பயறு. எது முளைக்கிறது என்று தினமும் எழுதட்டும்.

3. தொட்டி மண்ணில் ஒரு காட்டன் துண்டு, ஒரு பாலியெஸ்டர் துண்டு புதைத்து, மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்துத் தோண்டினால் காட்டன் நைந்திருக்கும், பாலியெஸ்டர் போட்டபடியே இருக்கும். தையல் போட்ட துண்டானால் இன்னும் நல்லது: துணி போன இடத்தில் பாலியெஸ்டர் தையல் நூல் மட்டும் நிற்கும்.

4. ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் நஞ்சராயன் குளத்துக்கு மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை போங்கள். 2022-இல் பறவைகள் சரணாலயம், 2024-இல் ராம்சர் தளம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம். இமயமலையைத் தாண்டி வலசை வரும் வரித்தலை வாத்து கண்ணில் பட்டால் உங்கள் அதிர்ஷ்டம். பளிச்சென்ற சட்டை வேண்டாம். பேரெல்லாம் மனப்பாடம் செய்ய வைத்து இதையும் பரீட்சை ஆக்கிவிடாதீர்கள். அலகு எப்படி, கால் எப்படி என்று வரைந்தாலே போதும். பொங்கல் லீவில் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று எண்ணினாலே அதில் சேரலாம், மொட்டை மாடியிலிருந்துகூட.

5. ஊர்ப்பக்கம் தோட்டம் இருந்தால், மழை பிடிக்கும் முன் கிளுவைக் குச்சி வெட்டி வேலி ஓரம் நட வையுங்கள். விதையில்லாமலே துளிர்க்கும். முள் உண்டு, வெட்டிக் கொடுப்பது பெரியவர்கள் வேலை.