மாடியில் வளரும் கள்ளி குற்றமாகுமா?

கேள்வி: ஐயா, மாடித் தோட்டத்தில் கள்ளி வகைகளைச் சேர்த்து வருகிறேன். நர்சரியில் வாங்கிய ஒட்டுக்கள்ளி ஒன்றின் மேல்பகுதி அழுகிப்போய், அடியிலிருந்த வேர்ச்செடி மட்டும் தழைத்துவிட்டது. அது சான் பெட்ரோ என்னும் போதைச் செடி, போலீஸ் பிடிக்கும் என்கிறார் நண்பர். இன்னொன்று, பெயோட்டே என்னும் கள்ளியின் நாற்றுகளைக் கூரியரில் அனுப்பத் தயார் என்கிறார் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர். வாங்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: பயந்துபோய்ச் செடியைப் பிடுங்கி எறிய வேண்டாம். போதைப்பொருள் தடுப்புக்கான 1985-ஆம் ஆண்டுச் சட்டம் (என்.டி.பி.எஸ்.) 8-ஆவது பிரிவில், வளர்க்கவே கூடாது என்று பெயர் சொல்லித் தடுப்பது மூன்று செடிகளைத்தான்: கோகா, அபினி எடுக்கும் கசகசாச் செடி, கஞ்சா. கள்ளி எதுவும் அதில் இல்லை. சட்டம் சொல்லாத செடியை யூகத்தால் சேர்த்துக்கொண்டு ஒருவரைத் தண்டிக்க முடியாது.

ஆனால் சான் பெட்ரோவிலும் பெயோட்டேயிலும் இருக்கும் மெஸ்கலின் என்னும் போதை தரும் வேதிப்பொருள், அதே சட்டத்தின் அட்டவணையில் பெயரோடு இருக்கிறது. அதைப் பிரித்தெடுப்பது, வைத்திருப்பது, விற்பது, உட்கொள்வது எல்லாமே குற்றம். ஆகவே தொட்டியில் நிற்கும்வரை அது அலங்காரச் செடி. அறுத்துக் காயவைத்துப் பொடித்து டப்பாவில் அடைத்தால் 22-ஆவது பிரிவில் வழக்கு வரும். அளவைப் பொறுத்து ஓராண்டு வரையிலான சிறையிலிருந்து 20 ஆண்டு வரை போகலாம். போதைப்பொருளோடு கலந்திருக்கும் மற்றப் பொருளின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தப் பொடி முழுவதையும் தராசில் வைக்க அரசுத் தரப்பு முயலும்.

இந்தச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு, குற்ற எண்ணம் இருந்ததாகவே நீதிமன்றத்தை முதலில் அனுமானிக்கச் சொல்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். நண்பருக்குக் கிளை வெட்டிக் கொடுக்கும்போது ‘இது கிக் தரும்’ என்று வாட்ஸ்அப்பில் விளையாட்டாக எழுதினாலும் அது சாட்சியமாகிவிடும். எழுதவே எழுதாதீர்கள். நர்சரி பில்லையும் தேதியோடு எடுத்த படங்களையும் பத்திரப்படுத்துங்கள். யாராவது சோதனைக்கு வந்தால், தொட்டியோடும் வேரோடும் உயிருள்ள செடியாகக் கைப்பற்றியதாகவே மகஜரில் எழுதச் சொல்லி, நகல் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு வரி வழக்கின் போக்கையே மாற்றக்கூடும்.

பெயோட்டே நாற்று வேண்டவே வேண்டாம். மெக்சிகோவிலும் தெற்கு டெக்சாஸிலும் மட்டுமே இயற்கையாக வளரும், மிக மெதுவாகப் பெருகும் செடி அது. காட்டிலிருந்து தோண்டித் தோண்டி எடுப்பதால் அருகிவருகிறது. பூர்வகுடிகள் அதைப் புனிதமாகப் போற்றுகிறார்கள். நம் சேகரிப்பு ஆசைக்காக அது குறையக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. சட்டப்படியும் வழி எளிதல்ல. ஏறக்குறைய கள்ளிக் குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் வருகிறது. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் அதை நம் சட்டமாகவே ஆக்கிவிட்டது. அனுப்பும் நாட்டின் சைட்டீஸ் அனுமதியும், தாவர நலச் சான்றும், நம் நாட்டின் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் கூரியரில் வந்தால் சுங்கத் துறை பறிமுதல் செய்யும். மெக்சிகோவிலிருந்து ஏற்றுமதியாகும் கள்ளி விதைக்குக்கூட விலக்குக் கிடையாது.

பெயோட்டே என்று விற்கப்படுவதை உற்றுப் பாருங்கள். முள்ளில்லாத நீலப்பச்சை உருண்டையில் பஞ்சுக் குச்சங்கள் இருந்தால் பெயோட்டேயாக இருக்கலாம். உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளி தெளித்திருந்தால் அது ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியஸ். அதில் மெஸ்கலின் பயம் இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள். சைட்டீஸின் முதல் பட்டியலில், பெயோட்டேயைவிடக் கடுமையான கட்டுப்பாட்டில் இருப்பது அதுதான். அதையும் உள்நாட்டு நர்சரியில் விதையிலிருந்து வளர்த்தது என்று பில்லில் எழுதிக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.